பேலியல் கல்லூரியில் போப்பையர்

போப்பையர் என்றதும் சாயர்புரமும் தஞ்சையும் உதகையும் நம் நினைவில் எழும். 1839-இல் சமயத் தொண்டராகச் சென்னை வந்திறங்கி, சென்றவிடமெல்லாம் பள்ளி நடத்தியவர் அவர். 1870களில் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அங்கே ஆல் செயிண்ட்ஸ் ஆலயத்திலும் ஊழியம் புரிந்தார். ஆயினும் அவர்தம் தமிழ்ப்பணியின் முதிர்கனிகள், தமிழொலி கேளாத தொலைநாட்டில் விளைந்தவை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

அறுபதைக் கடந்து இங்கிலாந்து சென்றவர், 1884-இல் ஆக்ஸ்போர்டில் தமிழ், தெலுங்கு ஆசிரியரானார். 1888-இல் பேலியல் கல்லூரி ஆலயக் குருவாகவும் அமர்ந்தார். ஓய்வுக்குரிய வயதிலன்றோ இப்புதுப் பொறுப்பு! 1886-இல் திருக்குறளும் 1893-இல் நாலடியாரும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. எஞ்சியது திருவாசகம். முதுமையில் அதனை முடிக்க இயலுமோ என அவர் ஐயுற்றபோது, பெரும்பணியைக் கைக்கொண்டவர் அது முடியுமட்டும் வாழ்வார் என்று ஊக்கியவர் கல்லூரித் தலைவர் ஜோவெட். அவரோ 1893-இல் மறைந்தார், நூலைக் காணவில்லை. 1900 ஏப்ரல் 24-ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்தநாளில், போப்பையர் முன்னுரைக்குத் தேதியிட்டார். தமிழில் முதற்பாடம் கேட்டது 1837-இல் என்றும் அதிற் குறித்தார். கிறிஸ்தவ ஆலயக் குரு ஒருவர் மணிவாசகருக்குத் தம் முதுமையை ஈந்தது நம்மை இன்றும் வியக்க வைக்கிறது.

1908-இல் மறைந்த அவர் கல்லறையில் 'தமிழ் மாணவன்' எனப் பொறித்திருப்பதாக மேடைதோறும் கேட்கிறோம். அத்தொடர் அங்கில்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டியதென்றே ஆக்ஸ்போர்டிலுள்ள அக்கல் கூறுகிறது.