பிரிஸ்டல் நகரின் பஸ் பகிஷ்காரம்

பொதுமக்களுக்கென ஓடும் பஸ் வண்டியில் ஏறுவோரிடம் கொண்டக்டர் கேட்பது கட்டணப் பணம் ஒன்றையே. அப்பணத்தை நீட்டும் கை கறுப்பா வெளுப்பா என்று அவர் பார்ப்பதில்லை. ஆயினும், பணத்தை வாங்கிச் சீட்டுக் கொடுக்கும் கை மட்டும் வெளுப்பாகவே இருத்தல் வேண்டும் என்றொரு நியதி இங்கிலாந்தின் ஒரு பெருநகரத்திலே பல ஆண்டுகளாக நிலவி வந்தது. அந்த நகரம் பிரிஸ்டல். 1963 ஆம் ஆண்டில் அந்நியதியை உடைக்க முதலில் எழுந்தவர்கள் பட்டமும் பதவியும் படைத்தவர்கள் அல்லர். கடல் கடந்து வந்து உழைத்துப் பிழைத்த சில மேற்கிந்தியரே அவர்கள். நான்கு மாதங்கள் நீடித்த அவர்களுடைய போராட்டம் பிரித்தானியாவின் சட்ட வரலாற்றிலேயே ஒரு திருப்பத்துக்கு வழி வகுத்தது.

பிரிஸ்டல் மேற்கு இங்கிலாந்தில், ஏவன் நதிக்கரையில் அமைந்த பழைய துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி மேற்கிந்தியத் தீவுகளிற் கொண்டுபோய் விற்ற வணிகத்தில் இந்நகரம் முன்னணியில் நின்றது. கரும்புத் தோட்டங்களிலிருந்தும் புகையிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்த செல்வம் அதன் மாளிகைகளை எழுப்பியது. அத்தீவுகளின் மக்களுக்கும் பிரிஸ்டலுக்கும் உள்ள உறவு, ஆகவே, நேற்று இன்று தோன்றியதன்று.

இரண்டாம் உலகப் போரில் மேற்கிந்தியர் பலர் பிரித்தானியப் படைகளிற் சேர்ந்து பணி புரிந்தனர். போர் முடிந்ததும் பிரித்தானியாவில் ஆட்பஞ்சம் ஏற்பட்டது. ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போக்குவரத்துச் சேவைகளுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பிரஜைகள் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களுக்கு அந்நாட்டில் வந்து வாழும் உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜூன் 22 ஆம் திகதி ‘எம்பயர் வின்ட்ரஷ்’ என்னும் கப்பல் நூற்றுக்கணக்கான மேற்கிந்தியரை ரில்பரித் துறைமுகத்தில் இறக்கியது. 1956 ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டன் போக்குவரத்துச் சபை பார்படோஸ் தீவுக்கே ஆளனுப்பி வேலையாட்களைத் திரட்டத் தொடங்கிற்று.

இவ்வாறு வந்தோரில் ஒரு பகுதியினர் பிரிஸ்டலிற் குடியேறினர். 1960களின் தொடக்கத்தில் அந்நகரத்திலிருந்த மேற்கிந்தியரின் தொகை ஏறத்தாழ 3,000. அவர்களிற் பெரும்பாலோர் சென்ற் போல்ஸ் என்னும் பகுதியில், பழைய வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தனர். வாடகைக்கு அறை தேடிச் சென்றால் நிறத்தைக் கண்டதும் கதவு சாத்தப்படும். வேலை தேடிச் சென்றாலோ, தகுதி எவ்வளவாயினும் கீழ்மட்ட வேலைகளே கிடைக்கும்.

நகரத்தின் பஸ் சேவையை நடத்தியது பிரிஸ்டல் ஒம்னிபஸ் கம்பனி. அது 1950 ஆம் ஆண்டு தொடக்கம் அரசுடைமையாக இருந்த நிறுவனம். கறுப்பரும் ஆசியரும் செலுத்திய வரிப்பணமும் கட்டணப் பணமும் அதன் பெட்டகத்தைச் சேர்ந்தன. ஆனால் அவர்களுக்கு அங்கே கிடைத்த வேலை பட்டறையிலும் சிற்றுண்டிச் சாலையிலுமே. சாரதியாகவோ கொண்டக்டராகவோ வண்டியில் ஏற அவர்களுக்கு அனுமதியில்லை. இத்தனைக்கும் கம்பனியில் ஆட்குறை இருந்து கொண்டே இருந்தது.

இதன் காரணத்தை ஆராயப் புகுவோர்க்கு ஒரு வேதனையான உண்மை புலனாகும். 1955 ஆம் ஆண்டில், பஸ் தொழிலாளர் சார்ந்திருந்த போக்குவரத்துப் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவே, வெள்ளையரல்லாதாரைப் பஸ் வண்டிகளில் வேலைக்கு அமர்த்தலாகாது எனத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தொழிலாளர் ஒற்றுமையைத் தன் உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு சங்கம் இவ்வாறு செய்தது எங்ஙனம்? பஸ் தொழிலாளரின் அடிப்படைச் சம்பளம் குறைவானது. குடும்பத்தைக் கொண்டு நடத்த அவர்கள் மேலதிக நேர வேலையையே நம்பியிருந்தனர். ஆட்குறை இருக்கும் வரையிலேதான் மேலதிக வேலை கிடைக்கும். புதியவர்கள் வந்து வெற்றிடங்களை நிரப்பினால் அவ்வருமானம் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். சம்பளத்தை உயர்த்துமாறு முதலாளியிடம் கேட்க வேண்டிய வாய், சக தொழிலாளியை உள்ளே விடாதே என்று கூறியது. அச்சத்தோடு நிற வெறுப்பும் சேர்ந்தபோது தடை இறுகிப் போயிற்று. நிருவாகத்தினரைக் கேட்டால் சங்கத்தின் மீது பழி போட்டனர். சங்கத்தைக் கேட்டால் அப்படியொரு தடையே இல்லை என்றது. சட்டமோ வாய் திறக்கவில்லை. நிறம் காரணமாக வேலை மறுப்பது அக்காலத்தில் பிரித்தானியாவிற் குற்றமன்று.

இந்நிலையைக் கண்டு மனம் பொறாத மேற்கிந்தியர் நால்வர் ஒன்று கூடினர். ரோய் ஹக்கெற், ஓவன் ஹென்றி, ஓட்லி எவன்ஸ், பிரின்ஸ் பிரவுண் என்போரே அந்நால்வர். ஹக்கெற் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர். அவருடைய மனைவியாரே கொண்டக்டர் வேலைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். முன்பிருந்த மேற்கிந்தியர் சங்கம் மந்தமாக நடப்பதைக் கண்டு, இவர்கள் மேற்கிந்தியர் அபிவிருத்திக் கழகம் என்ற புதிய அமைப்பை நிறுவினர். போல் ஸ்டீவன்சன் என்ற இளைஞர் அதன் பேச்சாளரானார். அவர் இங்கிலாந்திலேயே, எசெக்ஸ் மாகாணத்தில், மேற்கு ஆபிரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். விமானப் படையிற் பணியாற்றியவர். பிரிஸ்டலில் இளைஞர் நலன் பேணும் உத்தியோகம் பார்த்து வந்தார்.

தடை உண்டு என்று கூறினாற் போதாது. அதை ஐயத்துக்கிடமின்றி நிறுவுதல் வேண்டும். எனவே ஸ்டீவன்சன் ஓர் உபாயம் செய்தார். கை பெயிலி என்ற மேற்கிந்திய இளைஞர் பண்டகசாலையொன்றில் வேலை செய்துகொண்டு மாலை வகுப்புகளிற் படித்து வந்தார். கிறிஸ்தவச் சிறுவர் படையணியிலும் பொறுப்பு வகித்தார். கொண்டக்டர் வேலைக்கு வேண்டிய தகுதி யாவும் அவரிடம் இருந்தன. அவருக்காகக் கம்பனியில் நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் மேற்கிந்தியர் என்பது தெரிந்தவுடன் அப்பரீட்சை கைவிடப்பட்டது. நெடுநாளாக மறைத்து வைக்கப்பட்ட தடை அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

1963 ஏப்பிரல் 29 ஆம் திகதி பத்திரிகையாளர் அழைக்கப்பட்டனர். பிரிஸ்டல் பஸ் வண்டிகளை மேற்கிந்தியர் பகிஷ்கரிப்பர் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரத்தில், 1955 டிசெம்பரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானதைத் தொடர்ந்து, ஓராண்டுக்கு மேலாக நடந்த பகிஷ்காரமே இவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. ஆனால் இரண்டுக்குமிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. மொன்ட்கொமரியில் பஸ்ஸில் ஏறுவோரிற் பெரும்பான்மையினர் கறுப்பரே. அவர்கள் நடக்கத் தொடங்கியதும் கம்பனியின் வருமானம் சரிந்தது. பிரிஸ்டலிலோ நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே மேற்கிந்தியர் மூவாயிரவர். அவர்கள் எல்லாரும் நடந்தே சென்றாலும் கம்பனிக்கு நட்டம் சொற்பமே. ஆகவே பிரிஸ்டற் போராட்டம் கம்பனியின் பணப்பையைக் குறிவைத்ததன்று. நகரத்தின் மனச்சாட்சியைக் குறிவைத்தது. வெள்ளையரிற் பலரும் பஸ்ஸில் ஏறாது விட்டபோதே அது பலமடைந்தது.

மே முதலாம் திகதி பிரிஸ்டல் பல்கலைக்கழக மாணவர் நூறு பேரளவில் பஸ் நிலையத்துக்கும் தொழிற்சங்கக் காரியாலயத்துக்கும் ஊர்வலமாகச் சென்றனர். வழியிலே பஸ் தொழிலாளர் அவர்களை எள்ளி நகையாடினர். ஹக்கெற்றும் தோழர்களும் வீதியில் நின்று வண்டிகளை மறித்தனர். தொழிற் கட்சியைச் சேர்ந்த டோனி பென், தந்தையின் பிரபுப் பட்டம் தம்மீது விழுந்தமையால் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் ஆசனத்தை இழந்திருந்த காலம் அது. அவர் பகிஷ்காரத்தை வெளிப்படையாக ஆதரித்துத் தாமும் பஸ்ஸில் ஏறுவதில்லை என்றார். எதிர்க்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சனும் நிறத்தடையைக் கண்டித்துப் பேசினார்.

ஆதரவு இருந்த அளவுக்கு எதிர்ப்பும் இருந்தது. கம்பனியின் பொது முகாமையாளர், கறுப்பரைச் சேர்த்தால் வெள்ளைத் தொழிலாளர் விலகி விடுவர் என்று வாதித்தார். கிறிஸ்தவத் திருச்சபைகளின் மன்றம், தடையை நீக்க வேண்டும் என்பதை மறுக்காவிடினும், ஒரு சிறு குழுவினர் வேண்டுமென்றே பூசலைக் கிளப்பிவிட்டனர் என்று வருந்தியது. ‘அமைதியாகப் பேசித் தீர்த்திருக்கலாமே’ என்பது பெரியோர் பலரின் உபதேசம். 1955 தொடக்கம் எட்டு ஆண்டுகள் அமைதியாக இருந்தும் தீராத பிரச்சினை அது என்பதை அவர்கள் மறந்து விட்டனர். சங்கத்தின் பிரதேசச் செயலாளர் பத்திரிகையொன்றில் ஸ்டீவன்சனைத் தாக்கிப் பேசினார்; அவ்வவதூறுக்காக ஸ்டீவன்சன் வழக்குத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசெம்பரில் நட்டஈடு பெற்றார்.

இப்போராட்டத்துக்குப் பெருந்துணை புரிந்தவர் சேர் லியாரி கொன்ஸ்டன்டைன். கிரிக்கெட் உலகம் போற்றிய அவ்வீரர் அப்போது திரினிடாட், டொபாகோ நாட்டின் உயர் ஸ்தானிகராக இலண்டனில் இருந்தார். நிறத்தடையின் கொடுமை அவருக்குப் புதிதன்று. 1943 இல் இலண்டன் ஹோட்டல் ஒன்று அவரைத் தங்க விடாது விரட்டியதும், அவர் நீதிமன்றம் சென்று 1944 இல் வெற்றி பெற்றதும் வரலாறு. மே மாதத் தொடக்கத்தில் மேற்கிந்தியக் கிரிக்கெட் அணி பிரிஸ்டலில் ஆட வந்தபோது அவரும் அங்கு வந்தார். நகரபிதாவைக் கண்டார், தொழிற்சங்கத்தின் தேசியத் தலைவருடன் பேசினார், பஸ் கம்பனிக்கு மேலாயிருந்த அரசாங்க நிறுவனத்தின் கதவையும் தட்டினார். இராஜதந்திரிகள் கடைப்பிடிக்கும் மௌனத்தை அவர் மேற்கொள்ளவில்லை.

பேச்சுவார்த்தைகள் பல மாதங்கள் நீண்டன. ஈற்றில் 1963 ஓகஸ்ட் 27 ஆம் திகதி பஸ் தொழிலாளர் ஐந்நூறு பேர் கூடித் தடையை நீக்க இணங்கினர். மறுநாள், 28 ஆம் திகதி, இனிமேல் நிறம் பாராது ஆட்களைச் சேர்ப்போம் என்று கம்பனி அறிவித்தது. அதே நாளில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், வாஷிங்டன் நகரத்தில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில் மார்ட்டின் லூதர் கிங் தமது கனவை எடுத்துரைத்தார். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் அமைந்தமை தற்செயலே. இரண்டையும் உந்திய வேட்கை ஒன்றே.

செப்டெம்பர் 17 ஆம் திகதி பிரிஸ்டல் பஸ்ஸில் வெள்ளையரல்லாத முதலாவது கொண்டக்டர் வேலைக்கு அமர்ந்தார். அவர் மேற்கிந்தியர் அல்லர். ரக்பீர் சிங் என்ற சீக்கியர். சில நாட்களில் ஜமெய்க்கர் இருவரும் பாகிஸ்தானியர் இருவரும் அவரைத் தொடர்ந்தனர். மேற்கிந்தியர் திறந்த கதவினூடே முதலில் நுழைந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மரபினர் என்பது சிந்திக்கத்தக்கது. தமக்கென்று கேட்ட நீதி பிறர்க்கும் பயன்படுமாயின் அதுவே உண்மையான நீதி.

1964 இல் வில்சன் பிரதமரானார். 1965 இல் இன உறவுகள் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களில் நிறம் காரணமாக வேற்றுமை காட்டுவதைத் தடுத்த முதற் சட்டம் அது. ஆயினும் வேலைவாய்ப்பையும் வீட்டு வசதியையும் அது தொடவில்லை. அக்குறை 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நிரப்பப்பட்டது. இச்சட்டங்களுக்கு வழி சமைத்த காரணங்களுள் பிரிஸ்டற் போராட்டமும் ஒன்றென வரலாற்றாசிரியர் கொள்வர்.

எனினும் சட்டம் வந்தவுடன் பஸ் வண்டியில் எல்லாப் பிணக்குகளும் தீர்ந்து விடவில்லை. மான்செஸ்டர் நகரத்திலே தலைப்பாகையுடன் வேலை செய்யும் உரிமைக்காகச் சீக்கியர் ஒருவர் 1959 தொடக்கம் 1966 வரை ஏழாண்டுகள் வாதாடி வென்றார். வுல்வர்ஹம்ப்டன் நகரத்தில் தாடியும் தலைப்பாகையும் அணிந்து வந்த சீக்கியச் சாரதி ஒருவர் 1967 இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊர்வலங்களும் உயிர்த்தியாக எச்சரிக்கைகளும் எழுந்த பின்னரே, 1969 ஏப்பிரலில், நகரசபை இணங்கியது. வேலை கிடைத்தால் மட்டும் போதாது. தன் மரபைக் கைவிடாது வேலை செய்யும் உரிமையும் வேண்டும் என்பதை இப்பிணக்குகள் உணர்த்தின.

அன்று தடைக்குத் துணை நின்ற தொழிற்சங்கத்தின் வழித்தோன்றலான யுனைட் சங்கம், ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 இல், மன்னிப்புக் கேட்டது. 2014 இல் பிரிஸ்டல் பஸ் நிலையத்தில் பகிஷ்காரத்தின் நினைவாகப் பலகையொன்று பதிக்கப்பட்டது. ரோய் ஹக்கெற் 2022 இலும், போல் ஸ்டீவன்சன் 2024 இலும் காலமாயினர். ஒரு காலத்தில் கலகக்காரர் என்று தூற்றப்பட்ட அவர்கள், அரசின் விருதுகளையும் நகரத்தின் மரியாதையையும் பெற்றே மறைந்தனர்.

தொழிலாளியின் உரிமை வேறு, குடியேறி வந்தோரின் உரிமை வேறு, பொதுப் போக்குவரத்தின் நேர்மை வேறு என்று பிரித்துப் பேசுவது எளிது. பிரிஸ்டலில் அம்மூன்றும் ஒரே பஸ் வண்டியிற் பயணம் செய்தன. ஒருவரை உள்ளே விடாது காத்த சம்பளம் எவருக்கும் உயர்ந்த சம்பளமாக இருக்கவில்லை. மூவாயிரம் பேர் கொண்ட சிறு சமூகமொன்று, கையிற் பணமோ பின்னே படையோ இன்றி, நடந்து செல்வதற்குத் துணிந்தமையால், ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் இல்லாத நீதியை அதன் பக்கங்களில் எழுத வைத்தது.