கட்டளையும் நல்கையும்: டாடா அறக்கொடைகளின் கல்விப்பணி (1892–1945)

'கட்டளை' என்றவுடன் ஆணை என்னும் பொருளே இன்று முதலில் தோன்றும். கோயில் வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பூசைக்கோ விளக்குக்கோ அன்னதானத்துக்கோ ஒருவர் நிலத்தையோ பொருளையோ எழுதிவைத்து, அதன் வருவாய் அச்செயலுக்கே செலவிடப்பெற வேண்டும் என வரையறுப்பது கட்டளை எனப்படும். 'அறக்கட்டளை' என்னும் இக்காலச் சொல்லில் இவ்விரு பொருளும் கலந்தே நிற்கின்றன. கொடுத்தவர் மறைந்த பின்னும் அவருடைய சொல் கொடையை ஆள்கிறது. ஆகவே ஒரு கொடையின் பிற்கால வாழ்வை அறிய, தொகையின் அளவைவிட அதனோடு விதிக்கப்பெற்ற வரையறைகளையே முதலில் நோக்குதல் வேண்டும். பம்பாயின் டாடா குடும்பத்தார் 1892 முதல் நிறுவிய கல்விக்கொடைகள் இதற்கு நல்ல சான்றாகும்.

ஜாம்செட்ஜி டாடா 1892-இல் இந்தியர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெறுவதற்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் பார்சி இனத்தவர்க்கு மட்டும் உரியதாயிருந்த இந்நிதி 1894-இல் இந்தியர் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. முதற்கண் உதவி பெற்றவருள் பிரேனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்னும் இரு பெண் மருத்துவர்கள் இடம்பெற்றனர். பெண்கல்வியே கேள்விக்குரியதாயிருந்த காலத்தில் இது சிறு செய்தியன்று.

இந்நிதியின் தனித்தன்மை, அது கொடையாக அன்றிக் கடனாக வழங்கப்பட்டமை. கற்றுத் திரும்பியவர் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அது பின்வரும் மாணவர்க்குப் பயன்படும். தமிழகத்தார் 'உதவித்தொகை' என்பதை இலங்கைத் தமிழர் 'புலமைப்பரிசில்' என்பர். முன்னதில் பெறுபவரின் தேவையும் பின்னதில் அவரது தகுதியும் முன்னிற்கின்றன. டாடா நிதி இவ்விரு சொல்லுக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. தகுதி நோக்கித் தெரிவு செய்தது. தேவை நோக்கிப் பொருள் தந்தது. ஆயினும் பெற்றவரை இரவலராகவோ பரிசிலராகவோ ஆக்காமல் கடனாளியாக்கியது. கடனாளிக்குக் கொடுத்தவரிடம் நன்றிக்கடன் மிகுதியாக இல்லை என்பதும் ஒருவகை விடுதலையே.

பசித்தவர்க்கு உணவும் நோயுற்றவர்க்கு மருந்தும் தருவதைவிட, சிறந்த ஆற்றலுடையோரை உயர்த்துவதே நாட்டை முன்னேற்றும் என்பது ஜாம்செட்ஜியின் கருத்து. இக்கருத்து விவாதத்துக்குரியது. ஆற்றல் வெளிப்படுவதற்கே ஓரளவு வாய்ப்பு வேண்டும். பள்ளியின் வாயிலையே காணாதவனின் ஆற்றலை எத்தேர்வுக்குழு காணும்? எனினும் அக்காலச் சூழலில் நிதியின் பயன் பெரிது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வு 1922 வரை இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. கடல் கடக்கப் பொருளற்றவர்க்கு அப்பணி எட்டாக்கனி. 1924 அளவில் அப்பணியிலிருந்த இந்தியரில் ஐவர்க்கு இருவர் டாடா நிதியால் பயின்றோர் என்பர். திருவிதாங்கூரின் உழவூரில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் (1997–2002) குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் இலண்டன் பொருளியல் பள்ளியில் பயின்றதும் டாடா உதவியால்தான். 1894-இல் இனவரையறை நீக்கப்படாதிருப்பின் அவருக்கு இந்நிதியில் இடமில்லை.

ஜாம்செட்ஜியின் இளைய மைந்தர் இரத்தன் டாடா மாணவர்க்கு உதவுவதைக் கடந்து, ஆய்வுக்கே நேரடியாக நல்கை வழங்கினார். 1912-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் அவர் பொருளால் வறுமையின் காரணங்களை ஆராயும் அமைப்பொன்று தோன்றியது. ஆர். எச். டானி அதன் இயக்குநரானார். சங்கிலி செய்யும் தொழிலிலும் தையல் தொழிலிலும் குறைந்தபட்சக் கூலி எவ்வாறு செயற்பட்டது என்பது பற்றிய அவருடைய நூல்கள் 1914-இலும் 1915-இலும் வெளிவந்தன. அடிமைப்பட்ட நாட்டின் பொருள் கொண்டு ஆளும் நாட்டின் வறுமை ஆராயப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

அவருடைய மற்றொரு நல்கை தொல்லியல் துறைக்குச் சென்றது. ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய் தர அவர் முன்வர, துறைத்தலைவர் ஜான் மார்ஷல் பாடலிபுத்திரத்தைத் தேர்ந்தார். 1913-இல் டி. பி. ஸ்பூனர் பாட்னாவை அடுத்த கும்ராகரில் அகழத் தொடங்கி, மௌரியர் காலத்துப் பெருந்தூண் மண்டபம் ஒன்றின் சுவடுகளைக் கண்டார். அதனைப் பாரசீகத்தின் பெர்சிபோலிஸ் மண்டபத்தோடு ஒப்பிட்டதோடு அமையாமல், 1915-இல் எழுதிய கட்டுரையில் மௌரியரே பாரசீக மரபினர், சரதுஷ்டிர சமயத்தினர் எனும் அளவுக்குச் சென்றார். கீத் முதலிய அறிஞர் இதனை மறுத்தனர். பொருள் தந்தவர் பார்சி. முடிவோ பார்சியர்க்கு உவப்பானது. ஆயினும் அகழ்விடத்தைத் தெரிந்தவர் மார்ஷல், கொடையாளர் அல்லர் என்பதை மறத்தலாகாது. முடிவை எழுதியவர் ஒரு வெள்ளைய அதிகாரி. அதனை மறுத்து எழுதத் தடையேதும் இருக்கவில்லை. கொள்கை வீழ்ந்தது, தூண்களின் சுவடுகள் எஞ்சின. 1951–55-இல் அல்தேகரும் விஜயகாந்த மிஸ்ராவும் அங்கே மீண்டும் அகழ்ந்து, முன்பு அறியப்பட்ட எழுபத்திரண்டோடு மேலும் எட்டுத் தூண்களின் இடங்களைக் கண்டறிந்தனர்.

இரத்தன் டாடா 1913-இல் எழுதிய விருப்பமுறி கட்டளை இலக்கியத்தில் தனியிடம் பெறத்தக்கது. கல்வி, தொழில், மக்கள் துயர் நீக்கம் என நோக்கத்தை மிக விரிவாகவே விட்டுவைக்கிறார். வழிமுறையையோ இறுக்கிக் கட்டுகிறார். பணிகள் பழகிய தடத்தில் செல்லாமல், நாளும் வளரும் அறிவியலின் ஒளியில் அமைய வேண்டும். முன்கூட்டித் திட்டம் வகுக்காமல் எதனையும் தொடங்கலாகாது. கணக்கை ஒழுங்காக எழுதித் தணிக்கை செய்யாத, பிறர் பார்வைக்குத் திறந்துவைக்காத நிறுவனத்துக்குப் பொருள் தரலாகாது. விளக்கு எத்தனை, நெய் எவ்வளவு என்று வரையறுத்த பழைய கட்டளைகள் செயலைக் கட்டின. இது செய்வோரைக் கட்டுகிறது. 1918-இல் அவர் மறைய, மறு ஆண்டு அவர் பெயரில் அறக்கட்டளை அமைந்தது.

மூத்தவர் தோராப்ஜி டாடா 1932-இல் நிறுவிய இரண்டு அறக்கட்டளைகளில் இருவகைப் போக்கையும் காணலாம். இரத்தப் புற்றுநோயால் 1931-இல் மறைந்த மனைவி மெகர்பாய் நினைவாக அமைத்தது மிக நெருக்கமான வரையறையுடையது: வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு அந்நோய் பற்றிய உலகளாவிய ஆய்வுக்கு, எஞ்சிய ஒரு பங்கு இந்திய ஆய்வுக்கு. தம் பெயரில் அமைத்ததோ பரந்த நோக்குடையது. 1936-இல் பம்பாயில் சமூகப்பணிக் கல்விக்கென ஒரு பள்ளி தோன்றியது இதன் பொருளால்தான்.

1944 மார்ச்சு 12 அன்று ஹோமி பாபா இவ்வறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அணு ஆற்றல் பயன்பாட்டுக்கு வரும் நாளில் வல்லுநரைத் தேடி இந்தியா வெளிநாடு செல்ல வேண்டியிராது என்பது அவர் காட்டிய காரணம். அரை நூற்றாண்டுக்கு முன் இளைஞரைக் கடல் கடந்து அனுப்பிய குடும்பத்தின் பொருளே, அவர்கள் உள்நாட்டிலேயே பயில வழி செய்யுமாறு இப்போது கேட்கப்பட்டது. அறங்காவலர் அடுத்த மாதமே இசைந்தனர். 1945 சூனில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டிலேயே பம்பாய்க்கு மாறியது. பின்னர் அரசு நிதி பெருகப் பெருக, அறக்கட்டளையின் பங்கு படிப்படியாகச் சுருங்கியது.