1983: டெல்லிப் பேச்சும் பேசப்படாத சனங்களும்

ஈழப் பிரச்சினையில் இந்தியா நடத்திய பேச்சுவார்த்தைகளைப் பற்றி நம் ஊரில் நிறைய எழுதியாகிவிட்டது. ஜெயவர்த்தனா ஏமாற்றினாரா, இந்திரா ஏமாற்றினாரா, அமிர்தலிங்கம் ஏமாந்தாரா என்று விவாதம் இந்த மூன்று பேரையே சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்கிருக்கும் கேள்வி வேறு. 'தமிழர்' என்று டெல்லியில் புழங்கிய அந்தச் சொல்லுக்குள்ளே யார் யார் இருந்தார்கள்? யாழ்ப்பாணத்துப் பள்ளரும் நளவரும் பறையரும் இருந்தார்களா? தேயிலைக் கொழுந்து பறிக்கிற நம்ம சனம் இருந்ததா?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. சிறிமாவோவின் கட்சி 8 இடங்களோடு சுருண்டுபோனதால் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. ஆகஸ்டில் ஆறாவது திருத்தச் சட்டம் வந்தது. பிரிவினையைக் கைவிட்டுச் சத்தியம் செய்யாதவர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது என்றது அது. கூட்டணிக்காரர்கள் மறுத்தார்கள், பதவி போனது. கொழும்பு பேச மறுத்த அந்தத் தலைவரை டெல்லி அழைத்துப் பேசியது. இந்திரா காந்தி ஜி. பார்த்தசாரதியைத் தூதராக நியமித்தார். அவர் ஜெயவர்த்தனாவிடமும் அமிர்தலிங்கத்திடமும் மாறிமாறிப் பேசினார். அந்த ஆண்டு இறுதியில் 'அனெக்சர் சி' என்ற வரைவு உருவானது.

அந்த வரைவை எடுத்துப் படித்துப் பாருங்கள். பிராந்திய சபை, முதலமைச்சர், உயர்நீதிமன்றம், வரி வசூல், நிலக் கொள்கை, போலீசில் தமிழருக்குப் பங்கு, திருகோணமலைத் துறைமுகம் எல்லாம் இருக்கிறது. சாதி என்ற சொல் இல்லை. தீண்டாமை இல்லை. நாடற்றவர் குடியுரிமை இல்லை.

"அங்க உயிர் போய்க்கிட்டு இருந்துச்சு, அப்ப போய் சாதியப் பேசுவாங்களா?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். இதே கூட்டணி 1976-இல் நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில், அமையப்போகும் தமிழீழத்தில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை தண்டனைக்குரிய குற்றமாக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். வரப்போகிற நாட்டுக்கு வேண்டியிருந்த தீண்டாமை ஒழிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிராந்திய சபைக்கு எப்படி வேண்டாமல் போனது? போலீஸ் யார் கையில், நிலம் யார் கையில் என்று பேசும் இடத்தில்தானே சாதியைப் பேசியிருக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் இது பழங்கதையும் இல்லை. 1957-இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும், தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போக நம் சகோதரர்கள் அடிபட வேண்டியிருந்தது. 1966 அக்டோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை ஊர்வலம் போனார்கள். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்றார்கள். போராட்டம் சூடேறிய சங்கானை, அப்போது அமிர்தலிங்கம் உறுப்பினராக இருந்த வட்டுக்கோட்டைத் தொகுதியில்தான் இருந்தது. 1977-இல் உடுப்பிட்டியில் ஒரு தலித்தை, இராசலிங்கத்தை, நிறுத்தி ஜெயிக்க வைத்ததும் இதே கூட்டணிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுக் கேட்கும்போது வந்த நினைவு, அதிகாரம் பங்கு போடும்போது வரவில்லை.

மலையகத்தின் கதை இதைவிடக் கசப்பு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து பஞ்சத்தில் போனவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். 1948-இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஆடு மாடு பிரிக்கிற மாதிரி. "உனக்கு எங்க இருக்க ஆசை?" என்று கேட்டுவிட்டு எழுதிய கணக்கில்லை அது.

நான் சொல்லவருவது இதுதான். 1983-இல் டெல்லி நடுநிலைத் தரகராக உட்கார்ந்தது. தோட்டத்துச் சனத்தின் விஷயத்தில் டெல்லி தரகர் இல்லை, கையெழுத்துப் போட்ட கட்சிக்காரன். பொறுப்பு தன் தலையில் இருக்கிற வழக்கை மத்தியஸ்தர் எடுப்பாரா? எதிர்க்கட்சித் தலைவருக்கோ வடக்கும் கிழக்கும்தான் தொகுதி. தோட்டத் தலைவர் தொண்டமான் கூட்டணியை விட்டு விலகி 1978 முதல் ஜெயவர்த்தனாவின் மந்திரி. அவரும் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. மூன்று பக்கமும் அடைத்தாயிற்று, சனம் வெளியே நின்றது.

1984 ஜனவரியில் கொழும்பில் சர்வகட்சி மாநாடு கூடியது, டிசம்பரில் ஒன்றுமில்லாமல் முடிந்தது. அந்த ஆண்டே தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமை கொடுக்கப்பட்டும் வரமுடியாதவர்கள் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 1985-இல் திம்புவில்தான் ஆறு இயக்கங்கள் சேர்ந்து, இலங்கையைத் தாய்நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை என்று நாலாவது கோரிக்கையாக வைத்தன. அங்கேயும் பேச்சு முறிந்தது.

பிறகு குடியுரிமை எப்படிக் கிடைத்தது? 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனை என்ற பெயரில் வேலையை நிறுத்தினார்கள். கொழுந்துக் கூடை இறங்கியதும் கொழும்புக்குக் காது கேட்டது. 1988-இல் ஒரு சட்டம், கடைசியாக 2003-இல் இன்னொரு சட்டம். தொண்டமான் தலைமை தாங்கினார் என்பது உண்மை. அரசை அசைத்தது தேயிலை பறித்த பெண்களின் கை.

1989-இல் அமிர்தலிங்கம் கொழும்பில் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நியாயப்படுத்த இந்தக் கட்டுரை யாருக்கும் உதவாது. அவர் துரோகி என்பதல்ல என் வாதம். ஒரு எதிர்க்கட்சித் தலைவரை ஒரு இனத்தின் முழு உருவமாக்கிப் பேசும் ராஜதந்திரமே, அந்த இனத்துக்குள் இருக்கும் அடுக்குகளை அழித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது. 1931-இல் லண்டன் வட்டமேசையில் தீண்டப்படாதோருக்கும் தானே பிரதிநிதி என்று காந்தி சொன்னபோது அம்பேத்கர் எழுந்து மறுத்தார். டெல்லியில் அப்படி மறுக்க நமக்கு ஆளில்லை.

அங்கே 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்'. கப்பலேறி நீலகிரிக்கு வந்தால் 'சிலோன்காரன்'. இங்கே அகதி முகாம்களில் மலையக வம்சாவளியினர் இருக்கிறார்கள், 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தொடவேயில்லை. ஆகவே தோழர்களே, ஈழத்துக்காக ஊர்வலம் போகும்போது நாமும் போவோம். ஆனால் அடுத்த பேச்சுவார்த்தை என்று யாராவது அறிவித்தால், அதில் தோட்டத்துக்கும் சேரிக்கும் தனி இடம் உண்டா என்று முதலிலேயே கேட்போம். ஒப்பந்தம் முடிந்தபிறகு கேட்டு என்ன பயன்?