மீவளர் இதயத்தசை நோயறிதலில் காந்த ஒத்ததிர்வுப் படிமம்

இதயக் காந்த ஒத்ததிர்வுப் படிமம் (இதய எம்.ஆர்.ஐ.) என்பது வலிமையான காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு இதயத்தின் அமைப்பையும் இயக்கத்தையும் படமாக்கும் மருத்துவச் சோதனை ஆகும். மரபுவழி வரும் மீவளர் இதயத்தசை நோயை அறிவதில் எக்கோ சோதனையுடன் இதுவும் பயன்படுகிறது. தசையின் தடிப்பை அளப்பதில் இதன் நம்பகத்தன்மை மிகுதி. எனினும், நோய்க்குரிய மரபணு மாற்றம் ஒருவரிடம் இல்லை என்று இச்சோதனையால் நிறுவ இயலாது.

நோய்

இந்நோயில் உயர் இரத்த அழுத்தம், வால்வுச் சுருக்கம் போன்ற காரணங்கள் இன்றியே இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவரிடம் இது காணப்படுகிறது. பெற்றோரில் ஒருவரிடம் மரபணு மாற்றம் இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு 50% ஆகும். பலர் அறிகுறியின்றி நெடுநாள் வாழ்கின்றனர். சிலருக்கு இளம் வயதிலேயே திடீர் இறப்பு நேர்கிறது.

நம்பகத்தன்மை

பெரியவர்களில் சுவரின் தடிப்பு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பின் நோய் எனக் கொள்ளப்படுகிறது. நோயாளியின் நெருங்கிய உறவினருக்கு இவ்வளவு 13 மி.மீ. ஆகும். இதய நுனியிலும் முன்பக்கச் சுவரிலும் உள்ள தடிப்பு எக்கோவில் தவறக்கூடும். 2005 இல் வெளியான ஆய்வொன்றில், 48 பேரில் மூவருக்கு எக்கோ காட்டாத தடிப்பை எம்.ஆர்.ஐ. காட்டியது.

கடோலினியம் என்னும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும்போது தசையிலுள்ள நார்த்திசுத் தழும்புகள் தெரிகின்றன. இத்தழும்பு இடது கீழறைத் தசையில் 15% அளவை எட்டியோரிடம் திடீர் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என 2014 இல் 1,293 நோயாளிகளிடம் செய்த ஆய்வு காட்டியது. ஃபேப்ரி நோய், அமிலாய்டு படிவு முதலிய ஒத்த தோற்றமுள்ள நோய்களைப் பிரித்தறியவும் இச்சோதனை உதவுகிறது.

குறைபாடுகள்

* வலது கீழறையின் தசைப்பட்டைகளை இடைச்சுவருடன் சேர்த்து அளந்தால், இல்லாத தடிப்பு இருப்பதாகத் தோன்றும்.
* சீரற்ற இதயத்துடிப்பு, மூச்சை அடக்க இயலாமை, உடலில் பொருத்திய இதயக் கருவிகள் ஆகியவை படத்தைச் சிதைக்கின்றன.
* விளையாட்டு வீரர்களின் இயல்பான தசைத் தடிப்பைத் தொடக்கநிலை நோயிலிருந்து பிரிப்பது கடினம்.
* கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோருக்குக் கடோலினியம் செலுத்துவதில் எச்சரிக்கை தேவை.
* இரத்தம் வெளியேறும் பாதையின் அடைப்பை அளக்க எக்கோவே ஏற்றது.

இந்தியாவில்

இதயத்தசையின் மையோசின் பிணைப்புப் புரதம் சி-க்குரிய மரபணுவில் 25 கார இணைகள் நீங்கிய மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 4% மக்களிடம் உள்ளதென 2009 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் இதில் பங்கேற்றனர். அதே மரபணுவில் இதனுடன் சேர்ந்து வரும் வேறொரு மாற்றமே மீவளர் நோய்க்குப் பெரிதும் காரணம் என 2020 ஆம் ஆண்டின் ஆய்வு விளக்கியது. எனவே 25 கார இணை நீக்கம் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி எனக் கொள்வதில்லை, படச்சோதனையும் தேவைப்படுகிறது.

உறவினர் சோதனை

மரபணு மாற்றம் உள்ளவரிடம் தடிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். ஆகவே ஒருமுறை எடுத்த படம் இயல்பாக இருப்பது வாழ்நாள் முழுமைக்குமான உறுதி ஆகாது. நெருங்கிய உறவினருள் சிறுவர்க்கு 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பெரியவர்க்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இதய மின்வரைவும் எக்கோவும் பரிந்துரைக்கப்படுகின்றன. எக்கோவில் ஐயம் எழும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது.