தல யாருப்பா? – ஒண்ணு சேரும் ரோபோக்களின் கதை

எந்திரன் வந்தப்போ எனக்கு பதிமூணு வயசு. 2010 அக்டோபர் 1 ரிலீஸ். முதல் வாரம் டிக்கெட்டே கிடைக்கலை. ரெண்டாவது வாரம்தான் அப்பா அம்பத்தூருக்குக் கூட்டிட்டுப் போனார். க்ளைமாக்ஸில் நூத்துக்கணக்கான சிட்டிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உருண்டையாகி, பாம்பாகி, ராட்சச மனுஷனாகி நிக்கும்போது தியேட்டரே எழுந்து நின்னு விசிலடிச்சுது. அப்பா மட்டும் என் காதுகிட்ட குனிஞ்சு கேட்டார்: "ஏண்டா, இத்தனை பேரு ஒட்டிக்கிட்டாங்களே, இப்ப வண்டியை ஓட்டுறது யாரு?"

அப்பா ரயில்வேயில் எலெக்ட்ரிகல் ஃபிட்டர். மின்சார ரயில் பொட்டிகளோடயே முப்பது வருஷம் இருந்தவர். அவருக்கு எல்லாமே வண்டிதான். அன்னிக்கு எனக்குக் கடுப்பா இருந்துச்சு. சூப்பர் ஸ்டார் பாம்பா மாறி காரை முழுங்கிட்டிருக்கார், இவருக்கு டிரைவர் யாருன்னு கவலை. ஆனா அந்தக் கேள்விதான் பின்னாடி என் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்துச்சு. அதனாலதான் இந்தப் பதிவு. (தலைப்பைப் பார்த்து வந்த அஜித் ரசிகர்கள் மன்னிக்கவும், இது வேற தல.)

எந்திரனில் அந்தக் கேள்விக்கு பதில் இருக்கு. எல்லாச் சிட்டிகளையும் ஆட்டி வைக்கிறது ஒரே ஒரு சிட்டி, சிவப்பு சிப் போட்டவன். வசீகரன் அவனோட உள் கண்ட்ரோல் பேனலைப் பிடிக்கிறார், மத்த ரோபோக்களை தங்களைத் தாங்களே அழிச்சுக்கச் சொல்றார், அவ்வளவுதான், ராட்சசன் காலி. அந்த கிராஃபிக்ஸுக்கு ஸ்ரீனிவாஸ் மோகனுக்கு தேசிய விருது கிடைச்சது, நியாயமான விருது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அத்தனை தலை இருந்தும் மூளை ஒண்ணு. நான் இப்படி ஒரு சிஸ்டம் டிசைன் பண்ணிக் கொண்டு போனா, என் டீம் லீட் முதல் ரிவ்யூவிலேயே கிழிச்சுப் போட்டுடுவார்.

இந்த யோசனை ஷங்கரோட ஆரம்பிச்சது இல்லை. ஊர் ஜப்பான்.

1956-ல் மிட்சுதெரு யோகோயாமா 'டெட்சுஜின் 28' என்கிற காமிக்ஸ் எழுத ஆரம்பிச்சார். பிரம்மாண்டமான இரும்பு மனுஷன், அதை ஓட்டுறது ஒரு சின்னப் பையன், கையில ரிமோட். ரோபோவுக்கு நல்லது கெட்டது தெரியாது. ரிமோட் யார் கையில இருக்கோ அவன் சொன்னதைச் செய்யும். அதனால வில்லன்களுக்கு ரோபோவோட சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை, ரிமோட்டைத் திருடினா போதும்! இதே யோகோயாமாவோட 'ஜயண்ட் ரோபோ' 1967-ல் டிவி தொடரா வந்து, 80-களில் நம்ம தூர்தர்ஷன் வரைக்கும் வந்துச்சு. அதில் பையன் கையில வாட்ச், அதில பேசினா ரோபோ கேக்கும். இதைப் பார்த்து வளர்ந்த அண்ணன்மார் இங்க நிறைய பேர் இருப்பீங்க.

1972-ல் 'மாசிங்கர் ஸெட்' வந்தப்போ ரிமோட் போச்சு. ஓட்டுறவனே ரோபோவோட தலைக்குள்ள போய் உக்காந்துட்டான். அதுவரைக்கும் ஒரு ரோபோ, ஒரு ஓட்டுநர். சண்டை இல்லை.

சண்டை வந்தது 1974-ல், கோ நாகாயும் கென் இஷிகாவாவும் உருவாக்கின 'கெட்டர் ரோபோ'வில். மூணு விமானம், மூணு பேர். ஒண்ணு மேல ஒண்ணு வந்து சொருகிக்கிட்டா ஒரு ராட்சசன். இதில் அழகு என்னன்னா, எந்த வரிசையில சொருகுறாங்களோ அதைப் பொறுத்து வேற வேற ரோபோ கிடைக்கும். வானத்துக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணு. மேல வர்ற விமானத்துல யாரு இருக்கானோ அவன்தான் அப்போதைக்குத் தல. மத்த ரெண்டு பேரும் வயித்துலயும் கால்லயும் உக்காந்து ஒத்துழைக்கணும். தல மாறணும்னா முழுசா பிரிஞ்சு, வேற வரிசையில மறுபடி சேரணும், அதுவும் எதிரி முன்னால, சண்டைக்கு நடுவுல. பிரிஞ்சு நிக்கிற அந்த ரெண்டு செகண்டுதான் ஆபத்து. டேட்டாபேஸ் ஃபெயில்ஓவர் பார்த்தவங்களுக்கு இப்பவே வயித்தைக் கலக்கியிருக்கும்.

அடுத்து 1976-ல் 'கம்பாட்லர் வி'. அஞ்சு வண்டி, அஞ்சு பேர். அஞ்சு பேரோட மூளை அலையும் ஒத்துப்போனாதான் சேரவே முடியும். ஒருத்தனுக்கு மனசு சரியில்லைன்னா ரோபோ கிடையாது. (ஒட்டுறதுக்குக் காரணமா அவங்க சொல்றது மின்காந்த சக்தி. எந்திரனிலும் காந்தம்தான். சும்மா சொன்னேன்.) அப்புறம் 1981-ல் 'கோலயன்', அது 1984-ல் அமெரிக்கா போய் 'வோல்ட்ரான்' ஆச்சு. அஞ்சு சிங்கம், தலைவனோட கறுப்புச் சிங்கம்தான் தலையும் உடம்பும், மத்த நாலும் கை கால். கைக்கு ஓட்டு கிடையாது.

எனக்குப் பிடிச்சது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆளுங்க. அங்க உள்ள மனுஷனே கிடையாது, ரோபோவுக்கே புத்தி இருக்கு. 1985-ல் வந்த டிவாஸ்டேட்டர் ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்த ராட்சசன். அவனைப் பத்தின குறிப்பில் ஒரு விதி உண்டு: ஆறு பேரும் ஒத்துக்கிற விஷயத்தை மட்டும்தான் அவனால யோசிக்க முடியும். ஆறு பேரும் எதுக்கு ஒத்துப்பாங்க? "உடைச்சுப் போடு" ஒண்ணுக்குத்தான். ஆறு புத்திசாலிங்க சேர்ந்து ஒரு மடையன். கமிட்டி மீட்டிங் போனவங்க யாரும் இதைக் கற்பனைன்னு சொல்லமாட்டாங்க. அடுத்து வந்த மெனசார் இன்னும் பாவம். அவனுக்குள்ள இருக்கிற நாலு பேருக்கும் தலைவன் மேல வெறுப்பு. அந்த வெறுப்பும் சேர்ந்தேதான் ஒட்டுது, அதனால அவன் எப்பவும் குழம்பியே நிப்பான்.

நான் இதையெல்லாம் தேடிப் படிச்சது வளர்ந்த அப்புறம்தான். சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்சது ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழ் பேசின பவர் ரேஞ்சர்ஸ் மட்டும்தான். ராட்சச ரோபோவுக்குள்ள எல்லாரும் வரிசையா உக்காந்து, எல்லாரும் ஏதோ லீவரைப் பிடிச்சு ஆட்டுவாங்க. ரெட் ரேஞ்சர் இடதுன்னும் ப்ளூ ரேஞ்சர் வலதுன்னும் ஆட்டினா என்ன ஆகும்? அந்தச் சீரியல் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

என்ன ஆகும்னு எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சது.

அப்ப இருந்த கம்பெனியில் (பேரு வேணாம்) ரெண்டு ஊர்ல ரெண்டு சர்வர். ஒண்ணு மாஸ்டர், இன்னொண்ணு ஸ்டாண்ட்பை. மாஸ்டர் செத்துட்டா ஸ்டாண்ட்பை தானா மாஸ்டராகணும். அந்த ஸ்கிரிப்டை எழுதினது அடியேன்தான். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு நடுவுல இருக்கிற நெட்வொர்க் பதினோரு நிமிஷம் அறுந்துச்சு. மாஸ்டர் சாகலை, உயிரோடதான் இருந்துச்சு. ஆனா ஸ்டாண்ட்பைக்கு சத்தம் கேக்கலை. "தல போயிட்டார்"னு முடிவு பண்ணி தானே முடிசூட்டிக்கிச்சு. பதினோரு நிமிஷம் ரெண்டு ராஜா. ரெண்டு பேரும் ஆர்டர் வாங்கினாங்க. லைன் வந்ததும் பார்த்தா ஒரே ஆர்டர் நம்பர்ல ரெண்டு வேற வேற கஸ்டமர். இதுக்கு எங்க தொழில்ல 'ஸ்ப்ளிட் பிரெய்ன்'னு பேரு. மூணு நாள் எக்ஸெல் ஷீட்டை வச்சுக்கிட்டு கையால சரி பண்ணினோம். மூணு நாளும் யாரும் என்னைத் திட்டலை. அதுதான் தாங்க முடியலை.

நாலாவது நாள் அண்ணனூர் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட புலம்பினேன். முழுக்கக் கேட்டுட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு கேபின்லயும் ஒரே நேரத்துல சாவி போட்டுட்டீங்களா?"

எங்க வீட்டுப் பக்கத்துல, அண்ணனூர் ஸ்டேஷனை ஒட்டி, மின்சார ரயில்களுக்கான கார் ஷெட் இருக்கு. ஆவடி ஷெட்டுன்னு சொல்லுவாங்க. தினமும் பார்க்கிற ரயில்தான், ஆனா அதுதான் நிஜமான கம்பாட்லர்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. எக்ஸ்பிரஸ் மாதிரி முன்னால ஒரு இன்ஜின் இழுக்கிற விஷயம் இல்லை இது. சில பெட்டிகள் சேர்ந்தது ஒரு யூனிட், ஒவ்வொரு யூனிட்டுக்கும் சொந்தமா மோட்டார். அப்படிப் பல யூனிட்டை ஒட்டித்தான் 9 பெட்டி, 12 பெட்டி ரயில். அடுத்த தடவை பிளாட்பாரத்துல நிக்கும்போது மேல பாருங்க, கம்பியைத் தொட்டுக்கிட்டு பான்டோகிராஃப் ஒண்ணுக்கு மேலயே நிக்கும்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்கிற அமெரிக்கர். லிஃப்ட் தயாரிச்சிட்டிருந்தவர். பல லிஃப்டை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தலாம்னா பல ரயில் பெட்டியை ஏன் முடியாதுன்னு யோசிச்சார். 1897-ல் சிகாகோவோட சவுத் சைட் மேம்பால ரயிலுக்காக செஞ்சு காட்டினார். சோதனை ஓட்டத்துல கண்ட்ரோலரை யார்கிட்ட குடுத்தார் தெரியுமா? தன் சின்னப் பையன்கிட்ட. டெட்சுஜினுக்கு 59 வருஷம் முன்னாடி!

அவர் செஞ்ச தந்திரம் இதுதான். மோட்டாருக்குப் போற பெரிய கரண்ட் டிரைவர் கைக்கு வரவே வராது. பெட்டிக்குப் பெட்டி ஓடுறது மெல்லிசான கட்டளை ஒயர்கள் மட்டும். டிரைவர் கைப்பிடியைத் திருப்பினா "கிளம்பு"ன்னு ஒரு சேதி எல்லா மோட்டாருக்கும் ஒரே நேரத்துல போகும். எவ்வளவு வேகமா அடுத்த படிக்கு ஏறலாம்ங்கிறதை அந்தந்தப் பெட்டியில இருக்கிற ரிலே தன் மோட்டாரோட கரண்ட்டைப் பார்த்து முடிவு பண்ணும். அதாவது எங்க போகணும்னு தல சொல்லும், என்னால எவ்வளவு முடியும்னு கை சொல்லும். வோல்ட்ரான் சிங்கங்களுக்குக் கிடைக்காத மரியாதை நம்ம லோக்கல் ரயில் பெட்டிக்குக் கிடைச்சிருக்கு.

கேபின் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி. சாவி போட்டது எதுவோ அதுதான் தல.

சரி, பாதியில ரயில் அறுந்துட்டா? (என் பதினோரு நிமிஷம் மாதிரி.) இதுக்கு பதில் ஸ்ப்ரேக்குக்கும் முன்னால, 1872-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் குடுத்தது. பிரேக் குழாயில எப்பவும் காத்து அழுத்தம் இருக்கணும். இருந்தாதான் வண்டி ஓடும். பெட்டி பிரிஞ்சா குழாய் பிடுங்கிக்கும், காத்து இறங்கும், ரெண்டு பாதியும் தானா பிரேக் போட்டு நிக்கும். சத்தம் கேக்கலைன்னா "நான்தான் தல"ன்னு கிளம்பாதே, நின்னுடு. நான் எழுதின ஸ்கிரிப்ட் இதுக்கு நேர் எதிர்.

இதே வித்தை எவ்வளவு தூரம் போகும்னா, 2001 ஜூன் 21-ல் ஆஸ்திரேலியாவில் 8 இன்ஜின், 682 வேகன், 7.353 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத்தாது ரயில் ஓடுச்சு. நடுநடுவுல இருந்த இன்ஜின்களுக்கு ரேடியோவில கட்டளை. டிரைவர் ஒரே ஒருத்தர். நம்ம ஊர்ல 2022 ஆகஸ்ட் 15-ல் அஞ்சு சரக்கு ரயிலை ஒட்டி 295 வேகனோட கோர்பாவிலிருந்து விட்டாங்க. பேரு 'சூப்பர் வாசுகி'. மறுபடியும் பாம்பு!

நிஜ ரோபோக்காரங்களும் சும்மா இல்லை. 1988 வாக்கிலேயே ஜப்பானில் டோஷியோ ஃபுக்குடா, உடம்பு செல் மாதிரி ஒட்டிக்கிற 'செபாட்' பண்ணினார். 2017-ல் பிரஸ்ஸல்ஸின் மார்கோ டோரிகோவும் சகாக்களும் வெளியிட்டது எனக்கு அப்பாவோட பதில் மாதிரியே பட்டுச்சு. அவங்க ரோபோக்கள் ஒட்டின உடனே ஒண்ணு மட்டும் மூளையாகும், மத்ததெல்லாம் அதிகாரத்தைக் குடுத்துட்டு கண்ணாவும் காலாவும் ஆயிடும். பிரிஞ்சா ஒவ்வொரு துண்டுக்கும் தனி மூளை. மூளை ரோபோ பழுதானா அதைக் கழட்டி விட்டுட்டு வேற ஒண்ணு மூளையாகும். எந்திரன் சிட்டிக்கு இது இருந்திருந்தா வசீகரன் அம்பேல்.

ஒரு சின்ன கிளைக்கதை. 2011-ல் எங்க பக்கத்து அம்பத்தூர் நகராட்சியும் இப்படித்தான் போய் ஒட்டிக்கிச்சு. 42 உள்ளாட்சிகள் சேர்ந்து சென்னை மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டர் ராட்சசன் ஆச்சு. அம்பத்தூர் இப்போ 7-வது மண்டலம், கைன்னு வச்சுக்கலாமா, முழங்கைன்னு வச்சுக்கலாமா தெரியலை. ஆவடி ஒட்டிக்காம 2019-ல் தானே மாநகராட்சி ஆயிடுச்சு. எது நல்லதுன்னு கேட்டா அந்தந்தத் தெருவில தண்ணி நிக்கிறவங்களைத்தான் கேக்கணும்.

என் ஸ்கிரிப்டை அப்புறம் மாத்தினோம். மூணாவது ஊர்ல ஒரு சர்வர் வச்சோம். மூணில் ரெண்டு ஓட்டு கிடைச்சாதான் மாஸ்டர். தனியா மாட்டிக்கிட்டவன் மாஸ்டராவே இருந்தாலும் பேசாம நின்னுடணும். அப்பாகிட்ட சொன்னேன். "மூணு கார்டு வச்சு ஒரு டிரைவரா? செலவு ஜாஸ்தியாச்சே"ன்னார்.

போன வாரம் ஆவடி ஸ்டேஷன்ல நின்னுட்டிருந்தேன். ரயில் வந்து நின்னுச்சு. டிரைவர் கேபினைப் பூட்டிட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கூட்டத்துக்கு நடுவுல பின் கேபினைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சார். 12 பெட்டி நீளம் நடக்கணும். அவர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ரயிலுக்குத் தலையே இல்லை. ஜனங்க பாட்டுக்கு ஏறி ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டுட்டிருந்தாங்க.