பாலாற்றங்கரை வரலாறு – 23: தந்தப் பேழையில் ஒரு குழலூதி

வேலூர்க் கோட்டை பீஜப்பூர் படையிடம் வீழ்ந்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம் என்னை விடவில்லை. வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர் காலத்துச் சிற்பிகள் அங்கே யாளியைக் கல்லில் எழுப்பிக்கொண்டிருந்த அதே பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், இலங்கையின் கோட்டே அரசில் ஒரு தந்தச் சிற்பி ஜெர்மன் அச்சுப்படம் ஒன்றைப் பார்த்துப் பேழையொன்றில் செதுக்கிக்கொண்டிருந்தான்.

ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படம் அது. உள்ளங்கையளவுதான். மரத்தில் சாய்ந்து, நம்மூர்த் துத்தி போன்ற பைவாத்தியத்தை ஊதும் குடியானவன். டியூரர் பொற்கொல்லர் மகன். அப்பாவிடமே தொழில் பழகியவர். அச்சுத்தாளைப் பார்த்து வேலை செய்வது அப்போது புதிதல்ல. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பொற்கொல்லர், தச்சர், புத்தகத்துக்குத் தோலட்டை கட்டுபவர் எல்லோருக்கும் மாதிரியாகக் கொடிக்கருக்குகளைத் தனித்தாள்களில் அச்சிட்டு விற்றார்கள். நியூரம்பர்க் பீட்டர் ஃப்ளோட்னரின் அத்தகைய மாதிரித் தொகுப்பு 1549இல் சூரிக்கில் வெளிவந்தது. அந்தப் பின்னல் கொடிகளின் பூர்வீகம் இஸ்லாமியக் கைவினைஞர்களின் உலோக வேலையும் தோலட்டையும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புக்காரர்கள் தாராளமாகப் பெருமைப்படலாம்.

நம் தந்தச் சிற்பி வாழ்ந்த கோட்டேயின் மன்னர் ஏழாம் புவனேகபாகு மேல் எனக்கு இரக்கம் உண்டு. பேரன் தர்மபாலனை வாரிசாக்கப் போர்ச்சுக்கீசியரை நம்பினார். பேரனின் பொன்னுருவத்தை லிஸ்பனுக்கு அனுப்ப, 1543இல் அதற்கு முடிசூட்டினார்கள். அந்தக் காட்சி செதுக்கிய பேழை இன்று மியூனிக்கில் இருக்கிறது. அவ்வளவு நம்பியவர் 1551இல் போர்ச்சுக்கீசியத் துப்பாக்கிக் குண்டுக்கே பலியானார். கைதவறி வெடித்தது என்றார்கள். நான் நம்பவில்லை.

குழலூதி இருக்கும் பேழை பெர்லினில். இதைக் ‘காப்பி’ என்பவர்கள் தந்தத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கட்டும். மைக்கோடுகளால் காட்டிய நிழலைச் சிற்பி பள்ளமும் மேடுமாக மாற்ற வேண்டும். எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது என்று எந்தத் தாளும் சொல்லாது. ஐரோப்பாவிலிருந்து வரும் டிசைனைப் பார்த்து, லாஸ்ட் என்ற கால் அச்சின் மேல் சுருக்கமில்லாமல் உட்காரும் ஷூவின் மேல்தோலுக்குப் பேட்டர்ன் வெட்டுகிற ஆம்பூர் மாஸ்டரின் திறமையும் இதுவே. டியூரர் தன் படத்தில் பெயரெழுத்துகளைப் பொறித்தார். பேழையைச் செதுக்கியவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆம்பூர் ஷூவுக்குள்ளும் வெளிநாட்டுப் பெயர்தான். எனக்கு இதில் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில்தான் இந்த வாரப் பக்கம் தீர்ந்தது.

பீஜப்பூர் படையெடுப்பு அடுத்த வாரம்.