உணவியல் வல்லுநர்

நோயாளியின் உடல்நிலை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், உணவுப் பழக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து, ஏற்ற உணவுத் திட்டம் வகுக்கும் மருத்துவத் துறைப் பணியாளர். டயட்டீஷியன் எனவும் வழங்கப்படுவார்.

பணி: நீரிழிவு நோயாளிக்கு மாவுச்சத்தை வேளைதோறும் பகிர்ந்தளித்தல், குழாய்வழி உணவூட்டலுக்குக் கலோரியும் புரதமும் கணக்கிடுதல், மருத்துவமனைச் சமையலறையை மேற்பார்வையிடுதல் முதலியன. சிறுநீரகம் செயலிழந்து, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தவருக்கு இளநீரும் வாழைப்பழமும் தவிர்க்கப்படும். உணவுகளின் சத்தளவைக் கணிக்க, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகள் பயன்படுகின்றன. இந்நிறுவனம் 1918இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் வளர்ச்சியாகும்.

கல்வி: மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்கள் பயின்றோர் ஊட்டச்சத்தியல், உணவியல் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்கின்றனர். தொடர்ந்து முதுநிலைப் பட்டமோ பட்டயமோ பெற்று, மருத்துவமனையில் பயிற்சி முடிப்பது வழக்கம். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இத்துறைக் கல்வியில் பெயர்பெற்றது.

பதிவு: இந்திய உணவியல் சங்கம் 1963இல் தோன்றியது. பதிவுபெற்ற உணவியல் வல்லுநருக்கான தேர்வு அதன் வழியே நடைபெறுகிறது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் வரம்பில் சேர்த்தது.